தாத்தாவின் .315 ரைஃபிளுக்கு எந்த லைட்?

கனகபுரா சாலையில் ஹாரோஹள்ளியைத் தாண்டி இரண்டு ஏக்கர் நிலம். தாத்தா வைத்திருந்த .315 ரைஃபிள், லைசென்ஸ் இப்போது உங்கள் பெயரில். சனி, ஞாயிறு பெங்களூரிலிருந்து போய்த் தங்குகிறீர்கள். ராத்திரியில் ராகிக் கொல்லைக்குப் பன்றி வருகிறது, அறுவடை சமயத்தில் யானையும் வருகிறது. ஆன்லைனில் 1,200 ரூபாய்க்கு '10,000 லுமென்' என்று போட்ட டார்ச்சும், அதை ரைஃபிளில் மாட்டுகிற கிளாம்ப்பும் சேர்த்தே கிடைக்கின்றன. அது போதுமா, இல்லை நண்பர் சொல்கிற அமெரிக்க பிராண்டுக்கே போய்விடலாமா என்பது உங்கள் கேள்வி. எனக்கு இதற்குள் இன்னொரு கேள்வியும் கேட்கிறது: இருட்டில், தனியாக, அந்த நிலத்தில் நிற்கும்போது எது இருந்தால் தைரியமாக இருக்கலாம் என்று. இரண்டுக்கும் சொல்கிறேன். ஆனால் இரண்டாவதற்கான பதில் முதலாவதன் பதிலை மாற்றிவிடும் என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

நான் ராணுவத்தில் ஆர்மரராக இருந்தவன். துப்பாக்கியைக் கழற்றுவது, சரிசெய்வது, சோதித்துத் திருப்பிக் கொடுப்பது இதுதான் என் வேலை. ஓய்வுக்குப் பிறகு அல்சூரில் குடியிருந்துகொண்டு, ஆயுதம் தாங்கிய காவலாளிகளுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். வக்கீல் இல்லை. சட்டம் பற்றிக் கீழே வருவதை அந்த அளவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

துப்பாக்கியில் பொருத்திய லைட், துப்பாக்கி எங்கே பார்க்கிறதோ அங்கேதான் பார்க்கும். இது எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆனால் வாங்கி மாட்டிய மறுநாளே மறந்துவிடும். வேலி ஓரம் ஏதோ சலசலக்கிறது, கை தானாக லைட்டைத் திருப்பும். லைட்டோடு சேர்ந்து குழலும் திரும்பும். அங்கே இருப்பது பன்றியாக இருக்கலாம், பக்கத்து நிலத்துக்காரரின் பசுவாக இருக்கலாம், காவலுக்குப் படுத்திருக்கிற அவர் மகனாகவும் இருக்கலாம். யார் என்று தெரிவதற்கு முன்பே குண்டு போட்ட துப்பாக்கியை அவர் மேல் நீட்டியாகிவிட்டது. .315 குண்டு ஒரு கிலோமீட்டரைத் தாண்டியும் ஆளைக் கொல்லும். உங்கள் நிலமோ, சதுரமாக இருந்தால், ஒரு பக்கம் 90 மீட்டர். அதனால் தேடுவதற்கு எப்போதும் கையில் பிடிக்கும் தனி டார்ச். துப்பாக்கி லைட் தேடும் கருவியே இல்லை. எங்கே என்ன இருக்கிறது என்று கை டார்ச் சொன்ன பிறகு, இரண்டு கையும் துப்பாக்கியில் இருக்க வேண்டிய அந்தச் சில நொடிகளுக்கு மட்டும்தான் அது. பயிற்சியில் நான் திரும்பத் திரும்பத் திட்டுவது இந்த ஒரு விஷயத்துக்காகத்தான்.

கண் மினுக்கைப் பற்றி ஊரில் ஒரு நம்பிக்கை உண்டு: டார்ச் அடித்தால் மிருகத்தின் கண் பளபளக்கும், மனிதக் கண் பளபளக்காது, அதை வைத்தே சொல்லிவிடலாம் என்று. பாதிதான் உண்மை. மாடு, ஆடு, நாய், மான் இவற்றின் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் ஒரு அடுக்கு இருக்கிறது. மனிதனுக்கு அது கிடையாது. பன்றிக்கும் கிடையாது. ஆக நீங்கள் விரட்ட நினைக்கிற பன்றியும், கம்பளிக்குள் சுருண்டிருக்கிற ஆளும், கண் விஷயத்தில் ஒரே மாதிரிதான் தெரிவார்கள். பளிச்சென்று மின்னுவது அநேகமாக யாரோ ஒருவருடைய பசு. எனவே கண்ணை நம்பாமல் முழு உருவமும் தெரிகிற அளவுக்கு வெளிச்சம் வேண்டும். எவ்வளவு வெளிச்சம் என்கிற கணக்கே இங்கிருந்துதான் தொடங்குகிறது.

அட்டைப்பெட்டியில் பெரிதாகப் போடுவது லுமென். டார்ச்சிலிருந்து மொத்தமாக எவ்வளவு ஒளி வெளியே வருகிறது என்பது அது. அந்த ஒளி எவ்வளவு குவிந்து போகிறது என்பதற்குக் கேண்டெலா. திறந்த வெளியில் தூரத்துக்கு வேண்டியது கேண்டெலாதான். அமெரிக்காவில் மாட்லைட் என்று ஒரு கம்பெனி, ஒரே உடம்புக்கு இரண்டு தலை விற்கிறது. ஒன்று 1,350 லுமென், 54,000 கேண்டெலா. இன்னொன்று 680 லுமென், 69,000 கேண்டெலா. லுமெனில் பாதிதான் இருக்கிறது, ஆனாலும் தூரம் போவது இரண்டாவதுதான். முதலாவது அகலமாக விரிந்து, பக்கவாட்டையும் காட்டும். வீட்டுக்குள்ளும் கிடங்குக்குள்ளும் அது வசதி, வயலுக்கு மற்றது.

தூரத்தைக் கணக்கிட எஃப்எல் 1 என்று ஒரு தர அளவீடு இருக்கிறது, நல்ல கம்பெனிகள் அதன்படிதான் எண் போடுகின்றன. ஒரு பரப்பின் மேல் விழுகிற வெளிச்சத்தை லக்ஸில் அளப்பார்கள்; அது 0.25 லக்ஸ் ஆகக் குறைகிற இடம்தான் அதில் 'தூரம்'. அது தெளிந்த வானத்தில் பௌர்ணமி நிலவு தருகிற வெளிச்சத்தின் அளவு. நிலா வெளிச்சத்தில் ஏதோ நிற்கிறது என்று தெரியும். பன்றியா, குனிந்திருக்கிற மனிதனா என்று தெரியாது. அதனால் அட்டையில் போட்ட தூரத்தில் மூன்றில் ஒரு பங்குதான் அடையாளம் காணும் தூரம் என்று நான் வைத்துக்கொள்கிறேன். தூரம் மூன்றில் ஒன்றானால் வெளிச்சம் ஒன்பது மடங்கு, அதாவது இரண்டு லக்ஸ் சொச்சம். இந்த மூன்றில் ஒரு பங்கு என்பது என் பழக்கத்தில் வந்த கணக்கு, விதி இல்லை. உங்கள் கண்ணும் வயதும் பொறுத்து மாறும். கேண்டெலா மட்டும் தெரிந்தால் அதன் வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்குங்கள், மீட்டரில் தூரம் கிடைக்கும். 20,000 கேண்டெலாவுக்கு ஏறக்குறைய 280 மீட்டர், அதில் மூன்றில் ஒன்று 90 சொச்சம். உங்கள் நிலத்தின் நீளமே அவ்வளவுதான். ஆக 20,000 முதல் 50,000 கேண்டெலா வரை உள்ளது உங்களுக்குத் தாராளம். ஒரு லட்சம் கேண்டெலா விளக்குகளும் வருகின்றன, உங்களுக்குத் தேவை இல்லை. வேலிக்கு அப்பால் பார்த்து நீங்கள் செய்யப்போவது எதுவும் இல்லை, செய்யவும் கூடாது.

இப்போது அந்த 1,200 ரூபாய் டார்ச். ஒரே ஒரு 18650 பேட்டரியில் (விரல் தடிமனில் வரும், சார்ஜ் செய்யக்கூடிய லித்தியம் செல்) 10,000 லுமென் என்றால் அது பொய், சந்தேகமே வேண்டாம். நல்ல எல்ஈடி கூட ஒரு வாட்டுக்கு நூறிலிருந்து நூற்றைம்பது லுமென் வரைதான் தரும். அப்படியானால் 10,000 லுமெனுக்கு எழுபது, நூறு வாட் வேண்டும். 18650 பேட்டரியில், நல்ல கம்பெனியுடையதாக இருந்தால், 3,500, மிஞ்சிப் போனால் 4,000 மில்லி ஆம்பியர் மணிதான். அதில் அடங்கும் சக்தி சுமார் 12 முதல் 14 வாட் மணி. பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் காலியாகிவிடும், அதற்கு முன்னால் கையில் பிடிக்க முடியாதபடி சுடும். பெங்களூர் எஸ்.பி. ரோட்டு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் '9,900 மில்லி ஆம்பியர்' என்று ஒட்டி விற்கிற 18650 பேட்டரியும் அதே ஜாதிதான். அதில் பல, பழைய லேப்டாப்பிலிருந்து உருவி எடுத்துப் புதுச் சட்டை மாட்டியவை. பேட்டரியின் மேல் எழுதியிருப்பது இப்படியென்றால், டார்ச்சின் மேல் எழுதியிருப்பதை ஏன் நம்ப வேண்டும்?

ஆனாலும் மலிவு டார்ச்சில் எனக்குப் பெரிய குறை வெளிச்சம் இல்லை. உண்மையான 600, 700 லுமென் அதில் வரலாம், அது போதும் கூட. குறை உள்ளே இருக்கிறது. ரைஃபிள் வெடிக்கும்போது டார்ச் பின்னால் தள்ளப்படும், உள்ளே இருக்கும் பேட்டரி ஒரு கணம் அசையாமல் நிற்கும். ஸ்பிரிங் ஒரு பக்கம் மட்டும் இருந்தால் அந்தக் கணத்தில் தொடர்பு அறுந்து மறுபடி சேரும். டார்ச்சின் சர்க்யூட்டுக்கு அது யாரோ சுவிட்சைத் தட்டிய மாதிரி. அடுத்த மோடுக்குப் போய்விடும், சில டார்ச்சில் அடுத்த மோடு என்பது வெட்டி வெட்டி மின்னும் ஸ்ட்ரோப். முதல் குண்டு போன அடுத்த நொடி, இருட்டில், உங்கள் கையில் கல்யாண மண்டபத்து சீரியல் லைட். இன்னும் சிலவற்றில் சாலிடர் விட்டுப்போய் அப்படியே அணைந்துவிடும். துப்பாக்கிக்கென்றே செய்த லைட்டுக்கு ஏன் அவ்வளவு விலை என்றால், பெரும்பாலும் இதற்குத்தான்: இரண்டு பக்கமும் ஸ்பிரிங், சர்க்யூட்டைச் சுற்றிப் பிசின் ஊற்றி இறுக்கியிருப்பது, ஒரே மோடு அல்லது இரண்டே மோடு, அமுக்கிப் பிடித்தால் மட்டும் எரிந்து விட்டால் அணைகிற சுவிட்ச்.

வாங்கும் முன் கடையிலேயே செய்யக்கூடிய சோதனைகள் உண்டு. டார்ச்சை எரியவிட்டு, அதன் பின்பக்கத்தை உள்ளங்கையிலோ மரப்பலகையிலோ நன்றாகத் தட்டுங்கள். ஒரு சிமிட்டல் வந்தாலும் வேண்டாம். பத்து நிமிடம் முழு வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். வெளிச்சம் கொஞ்சம் இறங்குவது இயல்பு; சூடு தாங்காமல் பாதிக்கும் கீழே விழுந்தால் யோசிக்க வேண்டும். எஃப்எல் 1 அளவீட்டில் லுமெனை எடுப்பது எரியவிட்டு 30 நொடிக்கும் 2 நிமிடத்துக்கும் இடையில், ஆகவே பெட்டியில் உள்ள எண் பத்தாவது நிமிடத்தின் எண் இல்லை. 'இத்தனை மணி நேரம் எரியும்' என்பதும், வெளிச்சம் ஆரம்பத்தின் பத்து சதவீதமாகச் சுருங்கும் வரைக்குமான நேரம். கேண்டெலாவைப் பற்றிச் சந்தேகம் இருந்தால் ஐந்து மீட்டர் தள்ளிச் சுவரில், ஒளியின் நடுப் புள்ளியில் லக்ஸ் மீட்டர் வைத்து, வருகிற எண்ணை 25-ஆல் பெருக்குங்கள். மொபைல் ஆப்பில் பார்த்தால் எண் துல்லியமாக இருக்காது. ஆனால் இரண்டு டார்ச்சை ஒரே மொபைலில் ஒப்பிட அது போதும். தண்ணீருக்கு ஐபிஎக்ஸ்7 என்று இருந்தாலே நல்லது, ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்கும் என்று அர்த்தம்.

அடுத்தது மவுண்ட், அதாவது லைட்டைத் துப்பாக்கியில் பிடித்து நிறுத்தும் பாகம். கேட்பவர்கள் எல்லாரும் லைட்டைப் பற்றியே கேட்பார்கள், கெடுவது என்னவோ மவுண்ட்தான். உங்கள் .315 இஷாப்பூர் தயாரிப்பாக இருக்கும் என்று நினைக்கிறேன். லீ-என்ஃபீல்டு என்ற பழைய பிரிட்டிஷ் ராணுவ ரைஃபிளின் வழியில் வந்த போல்ட் ஆக்‌ஷன் (ஒவ்வொரு குண்டுக்கும் கையால் இழுத்துத் தள்ளுவது), மரக்கட்டை, லைட் மாட்ட ரெயில் எதுவும் கிடையாது. ஆன்லைன் கிளாம்ப் பேரலையே நேராகக் கவ்விப் பிடிக்கும். இதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். வெடிக்கும்போது பேரல் அதிர்கிறது. அதன் மேல் எடையைத் தொங்கவிட்டு ஸ்க்ரூவை இறுக்கினால் அந்த அதிர்வு மாறும், குண்டு போய்ச் சேரும் இடமும் மாறலாம். எவ்வளவு மாறும் என்பது துப்பாக்கிக்குத் துப்பாக்கி வேறு. சிலதில் கவனத்துக்கே வராது, சிலதில் கைவிரல் அளவு, சிலதில் சாண் அளவு. மாட்டிக் கழற்றி மறுபடி மாட்டும்போதும் அதே இடத்துக்கு வராது.

சரியான வழி, முன்கட்டையின் அடியிலோ பக்கத்திலோ ஒரு சின்னப் பிகாட்டினி ரெயில் (லைட் மாட்டக் குறுக்கே பள்ளங்கள் வெட்டிய உலோகப் பட்டை) துண்டைப் பொருத்துவது. மரத்தில் மர ஸ்க்ரூ அடித்தால் சில மழைக்காலத்தில் தளர்ந்துவிடும். துளை போட்டு, உள்பக்கம் நட் வைத்து மெஷின் ஸ்க்ரூவால் பிடிக்க வேண்டும், உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் முனை பேரலைத் தொடக்கூடாது. இதை லைசென்ஸ் உள்ள கன்ஸ்மித்திடம் மட்டும் கொடுங்கள். தெரிந்த லேத் பட்டறை என்று எங்கும் துப்பாக்கியைக் கொண்டு போகாதீர்கள், அது வேறு வழக்கில் போய் முடியும். பேரலிலோ, போல்ட் ஓடுகிற உடம்பான ரிசீவரிலோ துளையிடுவது, பற்ற வைப்பது எதையும் யார் சொன்னாலும் அனுமதிக்க வேண்டாம். தாத்தாவின் கட்டையில் துளை போட மனம் வரவில்லை என்றால் லைட்டே மாட்டாதீர்கள், அதுவும் நியாயமான முடிவுதான். ஸ்க்ரூக்களுக்கு, தளராமல் பிடிக்கும் பசையான நீல லாக்டைட் ஒரு சொட்டு. பிறகு ஸ்க்ரூ தலையையும் மவுண்ட்டையும் சேர்த்து வெள்ளை பெயின்ட்டில் ஒரு கோடு. கோடு விலகியிருந்தால் தளர்ந்திருக்கிறது என்று ஒரு பார்வையில் தெரியும். லைட்டின் தலை முடிந்தவரை முன்னால் இருக்கட்டும், இல்லாவிட்டால் பேரலின் நிழல் ஒரு பக்கத்தைக் கருப்பாக்கிவிடும். வயர் போட்ட பிரஷர் சுவிட்ச் மரக்கட்டைத் துப்பாக்கிக்கு வேண்டாம் என்பது என் கருத்து. டேப் ஈரத்தில் பிய்ந்து வரும், வயர் வேலியில் மாட்டும். பின்பக்கப் பொத்தானே போதும், இடதுகைக் கட்டைவிரல் எட்டுகிற இடத்தில் ரெயிலை வைக்கச் சொல்லுங்கள்.

பிராண்ட் என்று கேட்டால், ஷ்யூர்ஃபயர், மாட்லைட் இரண்டும் 300 டாலர் வட்டாரத்தில் தொடங்கி மேலே போகும். ஸ்ட்ரீம்லைட்டின் ப்ரோடாக் ரெயில் மவுண்ட் வரிசை ஏறக்குறைய அதில் பாதி. நாளுக்கு நூறு ரவுண்டு சுடுகிறவர்களுக்கும் உங்களுக்கும் வித்தியாசம் உண்டு; நீங்கள் வருடத்தில் சுடப்போவது ரேஞ்சில், அதாவது சுடும் பயிற்சி மைதானத்தில், கொஞ்சம். எனவே வாங்குவதாக இருந்தால் ஸ்ட்ரீம்லைட் தரத்தில் ஒன்று போதும் என்பேன். இவற்றை நானே ஆயிரக்கணக்கில் சுட்டுச் சோதித்தவன் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். உள்ளே பிரித்துப் பார்த்ததையும் கையாண்டதையும் வைத்துச் சொல்வது. சிஆர்123ஏ (சார்ஜ் செய்ய முடியாத, குட்டையான லித்தியம் செல்), 18650 இரண்டையும் ஏற்கிற மாடலாகப் பாருங்கள். வாரம் ஒருமுறை போகிற உங்களுக்கு, பத்து வருடம் வரை வைத்திருந்தாலும் சக்தி போகாத சிஆர்123ஏ செல்தான் பொருத்தம். சார்ஜ் போட மறந்த 18650 ஒருநாள் காலை வாரும்.

ஒளியின் நிறத்தைப் பற்றி நிறையச் சொல்வார்கள். காய்ந்த ராகித் தாளுக்கும் பழுப்பு உடம்புக்கும் வித்தியாசம் தெரிய, நீலமடிக்கும் வெள்ளையைவிட 5,000 கெல்வின் அக்கம்பக்கம் உள்ள வெள்ளை நல்லது. இதை நான் கண்ணால் பார்த்து நம்புகிறேன். பனிமூட்டத்தில் மஞ்சள் ஒளி ஊடுருவும் என்பதை மட்டும் நம்பவில்லை. பனித்துளிகள் எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் சிதறடிக்கும். மார்கழியில் அந்தப் பக்கம் விடியற்காலைப் பனி இறங்கினால் எந்த லைட்டும் வெள்ளைச் சுவரைத்தான் காட்டும். சிவப்பு ஒளி பன்றிக்குத் தெரியாது என்பதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, அவற்றின் கண்ணுக்குச் சிவப்பு மங்கல். ஆனால் உங்களுக்கும் அதில் எதுவும் சரியாக அடையாளம் தெரியாது, அதனால் வேண்டாம்.

சட்டம். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972-இன் கீழ் யானை முதல் அட்டவணையில் இருக்கிறது, காட்டுப்பன்றியும் பாதுகாக்கப்பட்ட விலங்குதான். பயிரை அழித்தாலும், உங்கள் சொந்த நிலமாக இருந்தாலும், 11-ஆம் பிரிவின் கீழ் அதிகாரம் உள்ள வன அதிகாரியின் எழுத்து மூல உத்தரவு இல்லாமல் சுடக்கூடாது. முயற்சியும் வேட்டைதான். ராத்திரி, ரைஃபிள், அதில் லைட் என்ற மூன்றும் சேர்ந்து பன்னேர்கட்டாக் காட்டை ஒட்டிய இடத்தில் வனக்காவலர் கண்ணில் பட்டால் அவர் என்ன நினைப்பார் என்று சொல்ல வேண்டியதில்லை. சும்மா வானத்தைப் பார்த்துச் சுட்டு விரட்டலாம் என்பார்கள். ஆயுதச் சட்டத்தில் 2019-இல் வந்த திருத்தத்தின்படி, அடுத்தவர் உயிருக்கு ஆபத்து வரும்படி அலட்சியமாகச் சுட்டால் இரண்டு வருடம் வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். லைட்டைப் பொறுத்தவரை, சுடும் சத்தத்தையோ தீப்பொறியையோ குறைக்கிற உபகரணங்களை ஆயுதச் சட்டம் துப்பாக்கியின் பட்டியலிலேயே சேர்க்கிறது. டார்ச் அந்த வகை இல்லை. இருந்தாலும் மாட்டும் முன் உங்கள் லைசென்ஸ் கொடுத்த அலுவலகத்தில் ஒரு கடிதம் கொடுத்து, பதிலை எழுத்தில் வாங்கி லைசென்ஸோடு வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் பார்த்தால், நான் உங்கள் இடத்தில் இருந்தால் பணத்தை இப்படிச் செலவழிப்பேன். முதலில் ஃபீனிக்ஸ், நைட்கோர், கான்வாய் மாதிரி நேர்மையாக எண் போடுகிற ஒரு கம்பெனியின் நல்ல கை டார்ச், கேண்டெலா அதிகமுள்ளதாக. அதோடு தலையில் மாட்டும் சின்ன லைட் ஒன்று. வீட்டு முற்றத்திலும் பம்ப்செட் பக்கத்திலும் ஆள் நடந்தால் எரிகிற சோலார் விளக்குகள். யானை வந்தால் வீட்டுக்குள்ளேயே இருந்து வனத்துறைக்குப் போன். ராத்திரி யானைக்கு முன்னால் லைட்டோடு போய் நிற்பது வீரம் இல்லை. இதெல்லாம் ஆன பிறகும் ரைஃபிள் லைட் வேண்டும் என்று தோன்றினால் அப்போது வாங்குங்கள். பாதிப் பேருக்குத் தோன்றாது.

வாங்கிப் பொருத்தினால், ரேஞ்சுக்குப் போய் லைட் மாட்டாமல் ஐந்து, மாட்டி ஐந்து, கழற்றி மறுபடி மாட்டி ஐந்து ரவுண்டு சுட்டு, மூன்று கூட்டமும் ஒரே இடத்தில் விழுகிறதா என்று பாருங்கள். விழவில்லை என்றால் மவுண்ட் சரியில்லை, கன்ஸ்மித்திடமே திரும்பக் கொண்டு போங்கள். அப்புறம் தேர்தல் சமயத்தில் ரைஃபிளை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள் அல்லவா, அதற்கு முன் லைட்டைக் கழற்றி வீட்டில் வைத்துவிடுங்கள். ரசீதில் ரைஃபிள் என்று மட்டும்தான் எழுதுவார்கள், திரும்ப வாங்கும்போது லைட்டைக் காணோம் என்று அங்கே நின்று பேச முடியாது. கழற்றிய லைட்டில் செல்லையும் எடுத்துவிடுங்கள்.